கடல் இல்லாத ஊர்க்காரங்களுக்குக் கடற்கரையில என்ன வேலை?

(2024 ஜனவரி, சேவுகம்பட்டி பேரூர் கிளைக் கூட்டம். நம்ம தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, படிச்சுட்டுப் பகிருங்க.)



பேரூர் பொறுப்பாளர் அண்ணன்களே, மகளிர் அணி அக்காக்களே, விடியக்காலம் பூப்பறிக்கப் போகணும்னு தெரிஞ்சும் இந்த நேரத்துல வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாக்களே, கல்லூரி முடிச்சு வேலை தேடிக்கிட்டிருக்கிற என் வயசுத் தம்பிகளே!

போன வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவுல ஒரு அறிவிப்பு போட்டிருந்தோம். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காடு, எண்ணூர் பகுதி மக்கள் நடத்துற போராட்டத்துல நம்ம ஊர்ல இருந்தும் கலந்துக்கணும், வர்றவங்க பேர் கொடுங்கன்னு. அதுக்குக் கீழே ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: "தம்பி, நமக்குக் கொடைக்கானல் மலை இருக்கு, மருதாநதி இருக்கு, மஞ்சளாறு இருக்கு. கடல் எங்கே இருக்கு? 500 கிலோமீட்டர் போய் நாம என்ன பண்ணப்போறோம்?"

நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துல காட்டுப்பள்ளி இருக்கு. அங்கே எல் அண்ட் டி கட்டின துறைமுகத்தை 2018ல அதானி நிறுவனம் வாங்குச்சு. வாங்கினப்போ துறைமுகத்தோட பரப்பு ஏறத்தாழ 330 ஏக்கர். அதை 6,110 ஏக்கரா பெருசாக்கணும்ங்கிறதுதான் திட்டம். பதினெட்டு மடங்குக்கு மேல! மதிப்பீடு சுமார் 53,000 கோடி ரூபாய். வருஷத்துக்கு 2 கோடியே 46 லட்சம் டன் சரக்கு கையாளுற திறனை 32 கோடி டன்னா உயர்த்தப் போறாங்களாம்.

அந்த 6,110 ஏக்கர் எங்கிருந்து வரும்? கொஞ்சம் அரசு நிலம், கொஞ்சம் தனியார் நிலம். மிச்சம் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடல்! ஆமா, கடல்லயே மண்ணைக் கொட்டி நிலமாக்கப் போறாங்க. நம்ம ஊர்ல கம்மாயில பத்து சென்ட் ஆக்கிரமிச்சாலே தாலுகா ஆபீஸ் வரைக்கும் போறோம். அங்கே 2,000 ஏக்கர் கடல் தோழர்களே!

இத்தனைக்கும் பக்கத்துலயே காமராஜர் துறைமுகம் இருக்கு. அதுக்குத் தெற்கே சென்னைத் துறைமுகம் இருக்கு. ஒரே நகரத்தைச் சுத்தி ஏற்கனவே மூணு துறைமுகம். இருக்கிற மூணையும் முழுசாப் பயன்படுத்துறதுக்கு முன்னாடி இவ்வளவு பெரிய விரிவாக்கம் யாருக்கு வேணும்? இதைத்தான் அந்த மக்கள் கேட்கிறாங்க.

சரி, துறைமுகம் பெருசானா கரைக்கு என்ன ஆகும்? நான் இன்ஜினியரிங் படிச்சவன், ஆனா இதைப் புரிஞ்சுக்க இன்ஜினியரிங் தேவையில்ல. தண்ணி பாய்ச்சுற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஓடுற வாய்க்கால்ல ஒரு பெரிய கல்லைப் பாதி குறுக்கே போடுங்க. என்ன ஆகும்? கல்லுக்கு மேல்பக்கம் மண்ணு சேரும். கீழ்பக்கம் கரையை அரிக்கும்.

கடல்லயும் அதேதான். நம்ம கிழக்குக் கடற்கரை ஓரமா மணல் ஒரே இடத்துல கிடக்கிறதில்ல, நடந்துக்கிட்டே இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து காலத்துல அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காத்து காலத்துல தெற்கே தள்ளும். வருஷக் கணக்குப் பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். இந்த நடைக்குக் குறுக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினா, தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும்.

இதுக்குச் சாட்சி வேணுமா? மெரினாவுக்குப் போயிருப்பீங்க. அவ்வளவு அகலமான மணல் எப்படி வந்துச்சு? 1870கள்ல சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்குத் தெற்கே தேங்கின மணல்தான் இன்னைக்கு நாம சுண்டல் வாங்கிச் சாப்பிடுற மெரினா. அதே துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் போய்ப் பாருங்க. கரை போயிருச்சு, கருங்கல்லைக் கொட்டி வச்சிருக்காங்க. ஒருத்தருக்குக் கிடைச்ச மணல் இன்னொருத்தர்கிட்ட இருந்து எடுத்த மணல். புதுச்சேரியிலயும் 1980கள்ல துறைமுகத்துக்குச் சுவர் கட்டின பிறகு நகரத்துக்கு முன்னாடி இருந்த மணற்கரை காணாம போச்சு.

இப்போ காட்டுப்பள்ளிக்கு வடக்கே என்ன இருக்குன்னு பாருங்க. மீனவக் கிராமங்கள் இருக்கு. அதையும் தாண்டினா பழவேற்காடு ஏரி. ஒடிசாவோட சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அதுதான். பூநாரைகள் கூட்டம் கூட்டமா வர்ற இடம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிறது மெல்லிசான ஒரு மணல் பட்டை. அந்தப் பட்டையை அலை தின்னுட்டா கடல் நேரா ஏரிக்குள்ள வந்துரும்ங்கிறதுதான் அந்த மக்களோட பயம். அப்படி வந்தா ஏரியும் போச்சு, ஏரியை நம்பி இருக்கிற ஊர்களும் போச்சு.

அந்த ஏரியில மீன்பிடிக்க "பாடு"ன்னு ஒரு முறை வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல முறைத்தண்ணி மாதிரின்னு வச்சுக்கங்க. இன்னைக்கு இந்த இடத்துல யார் வலை போடணும், நாளைக்கு யார்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. அரசாங்கம் போட்டுக் கொடுத்த சட்டம் இல்ல, தலைமுறை தலைமுறையா அவங்களே வச்சிருக்கிற ஒழுங்கு. படகு இல்லாத இருளர் மக்களும், பெண்களும் முட்டியளவு தண்ணியில நின்னு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறாங்க. 53,000 கோடி ரூபாய்க் கணக்குல இவங்க கைக்கு என்ன மதிப்பு போட்டிருப்பாங்க?

"தம்பி, வளர்ச்சியே வேணாமா? வேலைவாய்ப்பு வருமே?"ன்னு சிலர் கேட்கலாம். நானும் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டே இருக்கிறவன்தான். வேலையோட அருமை எனக்குத் தெரியாதா? ஆனா துறைமுகத்துக்காகவும் கப்பல் கட்டும் தளத்துக்காகவும் இடம் கொடுத்துட்டு நகர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள், நிரந்தர வேலை கொடுங்கன்னு பல வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க. எண்ணூர்ல அனல்மின் நிலையம் வந்துச்சு, பெட்ரோலிய ஆலை வந்துச்சு, உர ஆலை வந்துச்சு. எல்லாம் வந்த பிறகு எண்ணூர் சிங்கப்பூர் ஆயிடுச்சா?

போன மாசம் என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் செய்தியில பார்த்தோம். மிக்ஜாம் புயல் மழையோட மழையா மணலி பெட்ரோலிய ஆலைப் பகுதியில இருந்து எண்ணெய் அடிச்சுக்கிட்டு வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவுச்சு. மீனவர்கள் வெறுங்கையால வாளியில எண்ணெயை அள்ளிக்கிட்டு இருந்தாங்க. படகு கறுப்பு, வலை கறுப்பு, கொக்கு கறுப்பு. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவிச்சது 12,500 ரூபாய். படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். அந்த ஈரம் காயறதுக்குள்ள டிசம்பர் 26 ராத்திரி உர ஆலைக்கு வர்ற குழாயில அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்துல இருந்து எழுந்து கைக்குழந்தைகளோட ரோட்டுல ஓடினாங்க. அதுக்கும் முன்னாடி 2017 ஜனவரியில காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுனதையும் மறந்துடாதீங்க. அப்பவும் வாளிதான்.

இதெல்லாம் இருக்கிற அளவுக்கே. இதுக்கு மேல இன்னும் பெருசாக்கப் போறாங்க.

இன்னொரு விஷயம். நம்ம ஊர்ப் பசங்க எத்தனை பேர் அம்பத்தூர்லயும் மணலியிலயும் மாதவரத்துலயும் வேலை பார்க்கிறாங்க? இங்கே வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிட்டா அந்தத் தண்ணி கொசஸ்தலை ஆறு வழியா எண்ணூர்லதான் கடலுக்குப் போகணும். அந்த வடிகால் ஓரத்து ஈரநிலங்களை மேடாக்கிக்கிட்டே போனா தண்ணி எங்கே போகும்? வடசென்னைத் தெருவுக்குள்ளதான் போகும். நம்ம பிள்ளைங்க தங்கியிருக்கிற ரூமுக்குள்ளதான் போகும். கடல் நமக்குத் தூரம். வெள்ளம் தூரம் இல்ல.

இப்போ அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு வர்றேன். கடல் இல்லாத ஊர்க்காரன் கடலுக்காகப் போராடலாமா?

போராடியிருக்காங்க அண்ணே. அதுவும் நம்ம மாவட்டத்துக்காரங்க!

இங்கிருந்து எட்டிப் பார்த்தா தெரியற பட்டிவீரன்பட்டிப் பக்கத்து மண்ணுல பிறந்தவங்க கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா. அவங்க கணவர் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் அய்யா, கடைசியா 2013ல உயிர் விட்டது நம்ம காந்திகிராமத்துலதான். 1968ல கீழவெண்மணிக் கொடுமை நடந்த பிறகு, ரெண்டு பேரும் கீழத்தஞ்சைக்குப் போய் நிலமில்லாத மக்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கிற வேலையில இறங்கினாங்க. 1990கள்ல அந்த நாகப்பட்டினம் கரையோரமா பெரிய பெரிய கம்பெனிகள் இறால் பண்ணை போட வந்துச்சு. நெல்லு விளைஞ்ச வயல்ல கடல் தண்ணியை ஏத்தித் தேக்கினாங்க. பக்கத்து வயல் உப்பாச்சு. கிணறு உப்பாச்சு. குடிக்கிற தண்ணி போச்சு. மீனவர்கள் கடலுக்குப் போற பாதையும் அடைபட்டுச்சு.

அந்த அம்மாவும் அய்யாவும் மக்களோட உட்கார்ந்து சத்தியாகிரகம் பண்ணாங்க. அடி வாங்கினாங்க, சிறைக்குப் போனாங்க. அதோட நிக்கல. ஜெகந்நாதன் அய்யா உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11ல தீர்ப்பு வந்துச்சு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள, அதாவது உயர் அலைக்கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள, இறால் பண்ணைத் தொழில் கூடாதுன்னும் இருக்கிறதை அகற்றணும்னும் உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. வேலை இழக்கிற தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்கணும்னும் சேர்த்தே சொல்லுச்சு. இறால் பண்ணையில வர்ற வருமானத்தைவிட அதனால ஆகுற சேதம் அதிகம்ங்கிற நீரி நிறுவனத்தோட கணக்கும் அந்தத் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு. இன்னைக்கும் நாட்டுல எந்தக் கடற்கரை வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் சொல்ற பேர் "ஜெகந்நாத் வழக்கு".

அதே 1996, ஆகஸ்ட் 28ல வந்த இன்னொரு தீர்ப்பு நேரடியா நம்மைப் பத்தினது. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கு. வேலூர்க்காரங்க போட்ட வழக்குன்னாலும், அதுல அபராதம் விதிக்கப்பட்ட தொழிற்சாலைகள் இருந்த 5 மாவட்டத்துல ஒண்ணு அன்னைக்குத் திண்டுக்கல் அண்ணா மாவட்டம்னு பேர் வச்சிருந்த நம்ம மாவட்டம். திண்டுக்கல்லைச் சுத்தி இருக்கிற கிணறுகளுக்கு என்ன ஆச்சுன்னு இங்கே இருக்கிற பெரியவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அன்னைக்கும் "வேலைவாய்ப்பு"ன்னுதான் சொன்னாங்க. "அந்நியச் செலாவணி"ன்னு சொன்னாங்க. செலாவணி போன இடம் தெரியல. கிணத்துத் தண்ணி மட்டும் இன்னும் வாயில வைக்க முடியல. கெடுத்தவன்தான் காசு கொடுத்துச் சரிபண்ணணும், கெடும்னு தெரிஞ்சா முன்கூட்டியே தடுக்கணும்ங்கிற ரெண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டமா நிலைச்சது அந்தத் தீர்ப்புலதான்.

அதனால நான் சொல்றேன், தண்ணி கெட்டா என்ன ஆகும்னு பழவேற்காட்டு மக்களுக்குச் சொல்ல நமக்குத் தகுதி இருக்கு. நாம வேடிக்கை பார்க்கப் போகல. பட்டவங்க பக்கத்துல போய்ப் பட்டவங்களா நிக்கப் போறோம்.

ஆனா இந்தக் கதையில ஒரு கசப்பும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். 1996ல ஜெயிச்ச இறால் வழக்கோட பலனை 2005ல நாடாளுமன்றம் கொண்டு வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பெருமளவுக்கு நீர்த்துப்போக வச்சிருச்சு. அந்த மண்டலத்துக்குள்ளயே பண்ணைகளுக்குப் பதிவு கொடுக்க வழி திறந்துச்சு. ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதுதான் பாடம்.

காட்டுப்பள்ளி விஷயத்துலயும் இதை ஞாபகம் வச்சுக்கணும். விரிவாக்கத்துக்கான பொது விசாரணைக் கூட்டத்துக்கு முதல்ல 2021 ஜனவரி 22ன்னு தேதி குறிச்சாங்க. எதிர்ப்பு வந்துச்சு, கொரோனாவும் இருந்துச்சு, ஒத்திவச்சாங்க. ஆட்சி மாறுச்சு. 2023 செப்டம்பர் 5ன்னு மறுபடியும் தேதி வந்துச்சு. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் ஒத்திவைப்பு. சிலர் அதையே வெற்றின்னு போஸ்டர் போட்டாங்க. தோழர்களே, ஒத்திவைப்பு வேற, ரத்து வேற! மூணாவது தேதி எப்போ வேணா வரலாம்.

பொது விசாரணைன்னா என்னன்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. 2006ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இப்படிப்பட்ட திட்டத்துக்கு அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி மக்கள் கருத்தைக் கேட்கணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்கணும். குறைஞ்சது 30 நாள் முன்னாடி நாளிதழ்ல விளம்பரம் கொடுக்கணும். திட்ட அறிக்கையோட சுருக்கம் தமிழ்லயும் கிடைக்கணும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்கணும். மக்கள் சொன்னது எல்லாத்தையும் கடைசியில நம்ம மொழியில வாசிச்சுக் காட்டணும்.

இதுல ரெண்டு விஷயத்தை நல்லா கவனிங்க. ஒண்ணு, இத்தனை பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. யாருமே வராட்டியும் "கூட்டம் நடந்தது"ன்னு எழுதிட்டுப் போயிடலாம். அதனாலதான் ஆள் போகணும். ரெண்டு, பக்கத்து ஊர்க்காரங்க மட்டும் இல்ல, சுற்றுச்சூழல் விஷயத்துல நியாயமான அக்கறை உள்ள மத்தவங்களும் எழுத்துமூலமா கருத்து அனுப்பலாம். நம்ம ஊர்ல இருந்து போற கடிதமும் கோப்புல ஏறும், அதுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கு.

"கடிதம் எழுதி என்னப்பா ஆகும்?"னு நினைக்காதீங்க. 2020ல அந்த அறிவிக்கையையே மாத்தி எழுத ஒரு வரைவு கொண்டு வந்தாங்க. நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் ஆட்சேபம் அனுப்பினாங்க. அந்த வரைவு இன்னைக்கு வரைக்கும் அப்படியே அறிவிக்கையா வரல. குமரி மாவட்டம் இனயத்துல துறைமுகம் கட்ட 2016ல மத்திய அமைச்சரவையே கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்துச்சு. மீனவ மக்கள் விடல. இடத்தை மாத்திக் கன்னியாகுமரிப் பக்கம் கொண்டு போனாங்க. அங்கேயும் மக்கள் விடல. இன்னைக்கு வரைக்கும் அந்தத் துறைமுகம் வரல. மக்கள் நின்ன இடத்துல கரை நின்னுருக்கு!

சரி, நாம என்ன செய்யப்போறோம்? நாலு வேலை.

முதல் வேலை, பேர் கொடுக்கிறது. போராட்டத் தேதியை மீனவ கிராமங்கள் முடிவு பண்ணுவாங்க, நாம இல்ல. அவங்க சொல்ற நாள்ல வத்தலக்குண்டுல இருந்து வண்டி கிளம்பும். அக்காக்களுக்குத் தனி இடம் ஏற்பாடு பண்ணியிருக்கு.

ரெண்டாவது வேலை, கடிதம். வீட்டுக்கு ஒரு கடிதம், சொந்தக் கையெழுத்துல, சொந்த வார்த்தையில. ஒரே வாசகத்தை நூறு நகல் எடுத்து அனுப்பாதீங்க, அதை ஒரே கடிதம்னு ஒதுக்கிடுவாங்க. மூணு கேள்வி கேட்டாப் போதும். வடக்கே அரிக்கப் போற கரைக்கு யார் பொறுப்பு? கொசஸ்தலை வெள்ளம் எந்த வழியா வடியும்? ஏரியை நம்பி இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாளைக்கு என்ன பிழைப்பு? எழுதத் தெரியாத அம்மாக்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து நம்ம தம்பிங்க எழுதிக் கொடுக்கணும்.

மூணாவது வேலை நம்ம அணிக்கு. எந்த வீடியோ வந்தாலும் எங்கே எடுத்தது, எப்போ எடுத்ததுன்னு பார்க்காமப் பகிரக்கூடாது. வேற நாட்டு எண்ணெய்க் கசிவுப் படத்தை எண்ணூர்னு போட்டா, அடுத்த நாள் உண்மையான படத்தையும் பொய்னு சொல்லிடுவாங்க. நம்ம பக்கம் உண்மையே போதுமான அளவு இருக்கு, பொய் தேவையில்ல. அந்த ஊர்ப் பெண்கள் பேசுறதை அவங்க அனுமதியோட எடுத்துப் போடுங்க.

நாலாவது, அங்கே போனா எப்படி நடந்துக்கணும்ங்கிறது. முன்வரிசை அந்த ஊர் மக்களுக்கு. முதல் பேச்சு அவங்களுக்கு. நம்ம கொடி அவங்க தலையை மறைக்கக் கூடாது. போலீஸ்காரர் நிறுத்தினா வாக்குவாதம் வேணாம், பொறுப்பாளரைக் கூப்பிடுங்க. ஒரு கல்லைக்கூட யாரும் கையில எடுக்கக் கூடாது. தண்ணி பாட்டில் வீட்டுல இருந்தே கொண்டு வாங்க. கரையைக் காப்பாத்தப் போய் அங்கே குப்பை போட்டுட்டு வரக்கூடாது.

இப்பத்தான் தை மூணாம் தேதி முடிஞ்சுது. வேண்டுதல் நிறைவேறினவங்க எல்லாம் கூடை கூடையா வாழைப்பழத்தைச் சுமந்துக்கிட்டுப் போய் அழகர் கோயில்ல சூறை விட்டாங்க. அந்தப் பழத்தைப் பிடிக்கிறவன் எந்தத் தெரு, எந்த ஊர்னு நாம பார்க்கிறதில்ல. யார் கைக்குப் போனாலும் நம்ம வேண்டுதல் சேர்ந்துருச்சுன்னு நினைக்கிற ஊர் இது. அந்த மனசு இருக்கிற ஊருக்கு, 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கரை அந்நியமா?

சாப்பாட்டுல உப்பு போடுற ஒவ்வொருத்தருக்கும், வாரச்சந்தையில கருவாடு வாங்குற ஒவ்வொருத்தருக்கும் கடல்ல பங்கு இருக்கு. பங்கு இருக்கிறவன் பஞ்சாயத்துக்குப் போகாம இருக்கலாமா?

பேர் எழுதுற நோட்டு மேடைக்குக் கீழே அக்காகிட்ட இருக்கு. கூட்டம் கலையறதுக்குள்ள நிரம்பணும்.

கடல் காப்போம்! கரை காப்போம்! காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை ரத்து செய்!



#பழவேற்காட்டைக்_காப்போம் #ஒத்திவைப்பு_வேண்டாம்_ரத்து_செய் #கடல்_எல்லாருக்கும்